பூட்டு அல்லது சிமென்ட்!

ஞாயிற்றுக்கிழமை காலை. வீட்டில் ஆறு வயதில் ஒன்று, பத்து வயதில் ஒன்று என இரண்டு வாண்டுகள். மாத்திரை டப்பாவோடு ஒரு பாட்டி. 'எங்கேயாவது கூட்டிட்டுப் போங்கப்பா' என்று நச்சரிப்பு ஆரம்பமாகிவிட்டது. உங்கள் ஆசையும் ஒன்றும் பெரிய ஆசை இல்லை. நாலு மரம் இருக்க வேண்டும். பக்கத்தில் தண்ணீர் தெரிய வேண்டும். மண் பாதையில் எல்லோருமாக ஒன்றரை மணி நேரம் நடந்துவிட்டு, கட்டிக்கொண்டு போன எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு, வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்ப வேண்டும். அவ்வளவுதான்.

எங்கே போவீர்கள்?

ஷாப்பிங் மால் இருக்கிறது. அங்கே மரம் பிளாஸ்டிக்கில் இருக்கும். கடற்கரை இருக்கிறது. ஒன்பது மணிக்கு மேல் மணல் சுடும். வண்டலூர் இருக்கிறது. அங்கே மிருகங்கள் கூண்டில், நாம் வரிசையில். மற்றபடி மரமும் தண்ணீரும் மண் பாதையும் ஒரே இடத்தில் வேண்டும் என்றால், நம் ஊரில் ஒரு நடுத்தரக் குடும்பத்துக்குச் சட்டென்று சொல்ல ஓர் இடம் இல்லை.

இத்தனைக்கும் இது ஏரிகளுக்குப் பஞ்சமில்லாத மாநிலம். சிறிதும் பெரிதுமாக ஏறத்தாழ 40 ஆயிரம் ஏரி, குளங்கள் இருப்பதாக அரசாங்கமே கணக்குச் சொல்கிறது. நிலப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு காடு. சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்கள் என்று ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற தலங்கள் 2025 கணக்குப்படி இங்கே 20. இந்தியாவில் வேறு எந்த மாநிலத்திலும் இத்தனை இல்லை. பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால், அந்தத் தண்ணீர் ஓரமாக, மரத்தடியில், குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும் என்று கேட்டால் நம் நிர்வாகத்திடம் இரண்டே இரண்டு பதில்தான் உண்டு. ஒன்று, பூட்டு. இன்னொன்று, சிமென்ட்.

முதலில் பூட்டைப் பார்ப்போம்.

சென்னைக்கு நடுவிலேயே ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. கிண்டி. 2.7 சதுர கிலோமீட்டர் பரப்பு. 1978-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. உள்ளே வெளிமான் இருக்கிறது, புள்ளிமான் இருக்கிறது, நரி இருக்கிறது, மழை பெய்தால் நிரம்பும் குளங்கள் இருக்கின்றன. ஒரு மாநகரத்துக்குள் இப்படி ஒரு காடு எத்தனை ஊருக்கு வாய்க்கும்? ஆனால், சென்னைவாசிக்குத் தெரிந்த கிண்டி எது? சிறுவர் பூங்காவும் பாம்புப் பண்ணையும்தான். சிறுவர் பூங்காவை 2024-ல் புதுப்பித்துத் திறந்தார்கள். சந்தோஷம். காடு மட்டும் சுவருக்கு அந்தப் பக்கமே நிற்கிறது. முன்அனுமதி வாங்கிக்கொண்டு பள்ளிக்கூடக் குழுக்களும் ஆராய்ச்சி மாணவர்களும் போகலாம். நீங்களும் நானும் பாட்டியும் பஸ் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

கேட்டால், 'மக்களை உள்ளே விட்டால் மானுக்குத் தொந்தரவு' என்பார்கள். இருக்கலாம். ஆனால் இதே காட்டைக் கூறு போட்டு ஒரு துண்டு உயர்கல்வி நிறுவனத்துக்கு, ஒரு துண்டு நினைவு மண்டபங்களுக்கு என்று கொடுத்தபோது மான்களிடம் யாரும் அபிப்பிராயம் கேட்டதாகத் தெரியவில்லை. கட்டடம் உள்ளே போகலாம், காம்பவுண்ட் சுவர் உள்ளே போகலாம், கார் உள்ளே போகலாம். செருப்புப் போட்ட ஒரு ஜோடிக் கால் உள்ளே போனால் மட்டும் இயற்கைக்கு ஆபத்து!

கொடைக்கானலுக்கு வாருங்கள். ஊரிலிருந்து 20 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே போனால் பேரிஜம் ஏரி. சுற்றிலும் காடு. போகிற வழியில் தொப்பி தூக்கும் பாறை, மதிகெட்டான் சோலை. அங்கே போக வனத்துறை அனுமதிச் சீட்டு தருகிறது. யாருக்கு? வாகனத்துக்கு. ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். சாதாரணப் பயணிகள் காரில் போய், இறங்கச் சொன்ன இடத்தில் இறங்கி, போட்டோ எடுத்து, மறுபடி காரில் ஏறித் திரும்ப வேண்டும். யானை வரும், காட்டுமாடு வரும் என்பது உண்மை. அதற்காகத்தானே வாட்சர் இருக்கிறார்? ஏரியோரமாக ஒரு கிலோமீட்டர் தூரத்தைக் குறித்து, பத்துப் பத்துப் பேராக, ஒரு வாட்சரைத் துணைக்கு அனுப்பி நடக்க விட முடியாதா? புகை கக்கும் வண்டிக்குக் கிடைக்கிற அனுமதி நடக்கிறவனுக்குக் கிடைக்கவில்லை என்றால், எங்கோ கணக்குத் தப்பாக இருக்கிறது.

வனத்துறையின் பயத்தை நான் கேலி செய்யவில்லை. அது அனுபவத்தில் வந்த பயம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களைக் காட்டுத் தீ சூழ்ந்தது. 23 உயிர்கள். பெரும்பாலும் இளைஞர்கள், பெண்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு பதறுகிறது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. வர வேண்டியதுதான்.

ஆனால் குரங்கணியிலிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் என்ன? காய்ந்த புல் நிறைந்த செங்குத்தான மலைச்சரிவில், தீ பிடிக்கும் மாதத்தில், போதிய கண்காணிப்பு இல்லாமல் கூட்டத்தை அனுப்பக் கூடாது என்பதுதான். பருவம் பார்க்க வேண்டும், பாதை பார்க்க வேண்டும், வழிகாட்ட ஆள் வேண்டும். நாம் என்ன கற்றுக்கொண்டோம்? 'காட்டுக்குப் போனா செத்துடுவோம்.' இவ்வளவுதான். நீச்சல் தெரியாமல் ஒருவன் மூழ்கினால் எல்லோருக்கும் நீச்சல் கற்றுக்கொடுப்பது ஒரு வழி. கிணற்றை மூடுவது இன்னொரு வழி. நமக்கு இரண்டாவதுதான் சுலபம்.

உண்மையில், குழந்தையாக இருக்கும்போதே ஏரியோரக் காட்டில் சமதளத்தில் நடந்து பழகியவனுக்குத்தான் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, சருகு எவ்வளவு காய்ந்திருக்கிறது, எப்போது திரும்ப வேண்டும் என்பதெல்லாம் உடம்பிலேயே பதியும். இருபத்தைந்து வயதுவரை பேவர் பிளாக்கில் மட்டுமே நடந்துவிட்டு, நேரே ஒரு நாள் புது ஷூ வாங்கி மலையேறப் போகிறவனுக்கு எப்படிப் பதியும்? எல்.கே.ஜி. இல்லாமல் நேரே கல்லூரியில் சேர்ப்பது போல இருக்கிறது நம் காட்டுப் படிப்பு.

2024 அக்டோபரில் 'டிரெக் தமிழ்நாடு' என்று அரசாங்கமே ஒரு திட்டம் தொடங்கியது. 40 பாதைகள். சுலபம், நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். ஆன்லைனில் முன்பதிவு, உடன் வழிகாட்டிகள். பூட்டைத் திறந்ததற்காகக் கட்டாயம் கை தட்ட வேண்டும். ஆனால், பாதைகள் பெரும்பாலும் மலைப் பக்கம்தான். கட்டணம் பாதைக்குத் தகுந்தபடி தலைக்கு நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் போகிறது. நாலு பேர் உள்ள குடும்பம் பெருக்கிப் பார்த்துவிட்டு, 'அதுக்குப் பதிலா சினிமாவுக்கே போயிடலாம்' என்று முடிவெடுக்கும். சம்பளம் வாங்கும் இளைஞர்களுக்குக் கதவு திறந்திருக்கிறது. பாட்டிக்கும் ஆறு வயது வாண்டுக்கும் இன்னும் திறக்கவில்லை.

இனி இரண்டாவது பதிலான சிமென்ட்.

ஓர் ஏரிக்கு 'அழகுபடுத்தும் திட்டம்' அறிவிக்கப்பட்டுவிட்டால் என்ன நடக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். முதலில் பொக்லைன் வரும். கரையில் இருக்கும் நாணலும் கோரையும் சம்பும் 'புதர்' என்று பெயர் சூட்டப்பட்டு வழித்து எறியப்படும். கரை செங்குத்தாக வெட்டப்பட்டுக் கல் பதிக்கப்படும். மேலே பேவர் பிளாக். அதற்கு மேலே பளபளக்கும் ஸ்டீல் கம்பி. பழைய வேம்பும் புங்கனும் போய், நிழலே தராத அலங்காரப் பனை வரும். அப்புறம் ஆங்கில எழுத்தில் 'ஐ லவ்' என்று தொடங்கி ஊர் பெயரில் முடியும் ஒரு சிவப்பு இதயம். செல்ஃபி பாயிண்ட். இரவில் கலர் விளக்கு. வாய்ப்பிருந்தால் ஒரு படகுக் குழாம். ரிப்பன் வெட்டு. கல்வெட்டு.

ஏரியின் உயிர் எங்கே இருக்கிறது என்று இவர்களுக்கு யாராவது சொன்னால் தேவலை. நடு ஆழத்தைவிட விளிம்பில்தான் கூட்டம் அதிகம். கரையிலிருந்து மெல்லச் சரிந்து, கணுக்கால் அளவு, முழங்கால் அளவு என்று ஆழமாகிக்கொண்டே போகும் அந்தச் சேற்று விளிம்பில்தான் உள்ளான் இரை பொறுக்கும். கொக்கு நிற்கும். நாணலுக்குள் தாழைக்கோழி கூடு கட்டும். மீன்குஞ்சு ஒதுங்கும். தவளை முட்டையிடும். அந்த விளிம்பைச் செங்குத்துச் சுவராக்கினால், நீண்ட கால் உள்ள பறவை எங்கே நிற்கும்? ஏரி என்ற பெயரில் ஒரு பெரிய குளியல் தொட்டி மிஞ்சும். அதைச் சுற்றி நாம் எட்டுப் போடலாம்.

குழந்தைக்கும் அங்கே வேலை இல்லை. கம்பிக்கு வெளியே தண்ணீர், கம்பிக்கு உள்ளே குழந்தை. குனிந்து ஒரு நத்தை ஓட்டைப் பொறுக்க முடியாது. சேற்றில் பதிந்த பறவையின் கால் தடத்தைப் பார்க்க முடியாது. பத்து மணிக்கு மேல் பேவர் பிளாக் தோசைக்கல் மாதிரி கொதிக்கும். மண் பாதையில் தடுக்கி விழுந்தால் சிராய்ப்பு. சிமென்ட்டில் விழுந்தால் தையல். இதில் எது குடும்பங்களுக்கு ஏற்ற பாதை?

கோவையைப் பாருங்கள். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் உக்கடம் பெரியகுளத்தையும் வாலாங்குளத்தையும் அலங்கரித்தார்கள். அதற்கு முன்னால் அந்தக் கரைகள் குப்பையும் சாக்கடையுமாகக் கிடந்தன என்பதையும், இப்போது சாயங்காலமானால் அங்கே ஜனங்கள் கூடுகிறார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஜனங்கள் தாகத்தோடு இருந்தார்கள், கிடைத்ததைக் குடிக்கிறார்கள். ஆனால் அதே கோவையில் சிங்காநல்லூர் குளத்தை 2017-ல் நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலம் என்று மாநகராட்சியே அறிவித்தது. மரங்களையும் பறவைகளையும் ஆராய்ச்சியாளர்கள் கணக்கெடுத்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டினார்கள். ஆக, வேறு மாதிரி யோசிக்கத் தெரியாது என்று எந்த மாநகராட்சியும் சாக்குச் சொல்ல முடியாது. தெரியும். ஆனால் மண் பாதைக்குப் பெரிய டெண்டர் விட முடியாது. அதில்தான் சிக்கல் இருக்கிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

சரி, அரசாங்கத்தைத் திட்டியாகிவிட்டது. இனி உங்கள் முறை. கோபித்துக்கொள்ளாமல் படியுங்கள்.

கொடைக்கானல் ஏரியை 1863-ல் அப்போதைய மதுரை கலெக்டர் வெர் ஹென்றி லெவிஞ் உருவாக்கினார். நட்சத்திர வடிவம். சுற்றி வந்தால் சுமார் 5 கிலோமீட்டர். பனி மூட்டத்தில், மரங்களுக்கு நடுவே, தண்ணீர் ஓரமாகவே சமதளத்தில் 5 கிலோமீட்டர் நடை! பாட்டியும் நடக்கலாம், பேரனும் நடக்கலாம். இதைவிட நல்ல குடும்பப் பாதை தமிழ்நாட்டில் அமைவது கஷ்டம். அதை நாம் என்ன செய்து வைத்திருக்கிறோம்? கார் ஹாரன், வாடகைக் குதிரை, வாடகை சைக்கிள், மிளகாய் பஜ்ஜி, வேகவைத்த சோளம், ஸ்பீக்கரில் குத்துப் பாட்டு. சீஸனில் அந்த ஏரியைச் சுற்றி நடந்து முடித்தவருக்குத் தண்ணீர் பார்த்த நினைவைவிட கடைகளைப் பார்த்த நினைவுதான் அதிகமாக இருக்கும். கடைசியில் நீதிமன்றம் தலையிட்டு, 2024 மே மாதம் முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வாங்கிக்கொண்டு வா என்று சொல்ல வேண்டியதாயிற்று.

பஜ்ஜிக்கடைக்காரரைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. நாம் கேட்கிறோம், அவர் போடுகிறார். ஏரி என்றால் போட்டிங் வேண்டும். காடு என்றால் ஜீப் சவாரி வேண்டும். 'வெறும் நடக்கிறதா? அதுல என்ன இருக்கு?' என்று கேட்கிறோம். கண்ணை மூடி நின்றால் பத்து விதப் பறவைக் குரல் கேட்கும் இடத்தில் செல்போனில் ரீல்ஸ் ஓடுகிறது. குரங்குக்குச் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, அது மறுநாள் இன்னொரு குழந்தையின் கையிலிருந்து பிடுங்கினால் 'குரங்குத் தொல்லை' என்று புகார் எழுதுகிறோம். பாட்டிலைப் பாறையில் அடித்து உடைக்கிறவர் வேற்றுக் கிரகத்திலிருந்து வரவில்லை. வனத்துறைக்காரர் பூட்டுப் போடும்போது அவர் மனதில் இருக்கும் முகம் நம் முகம்தான்.

நடப்பது ஆபத்து, படகில் உட்கார்ந்து போவது பத்திரம் என்ற நினைப்பும் நமக்கு உண்டு. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். தண்ணீர் ஓரமாக நடந்திருந்தால் அவர்களுக்குக் கொஞ்சம் அட்டை கடித்திருக்கும்.

அதே தேக்கடியில்தான் நமக்கான பதிலும் இருக்கிறது. 1895-ல் பென்னிகுவிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையால் உண்டான ஏரி அது. சுற்றிலும் பெரியாறு புலிகள் காப்பகம். ஒரு காலத்தில் அந்தக் காட்டில் வயணப் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றுப் பிழைத்தவர்கள் இருந்தார்கள். வழக்கு, தலைமறைவு, ஜெயில் என்று அவர்கள் பிழைப்பு போய்க்கொண்டிருந்தது. 1990-களின் இறுதியில் கேரள வனத்துறை அவர்களை அழைத்துப் பேசி, குழுவாக அமைத்து, பயணிகளுக்கு வழிகாட்டும் வேலையைக் கொடுத்தது. காட்டின் ஒவ்வொரு தடமும் அவர்களுக்கு அத்துப்படி. திருடத் தெரிந்தவனுக்குத்தானே காவல் காக்கவும் தெரியும்! 2002-லிருந்து சுற்றுவட்டாரப் பெண்களே 'வசந்த சேனை' என்று குழு அமைத்துச் சம்பளம் வாங்காமல் காட்டில் ரோந்து போகிறார்கள். அங்கே சிறு சிறு குழுவாக, வழிகாட்டியோடு, அட்டை கடிக்காத உறையைக் காலில் மாட்டிக்கொண்டு இரண்டு மூன்று மணி நேரம் நடந்துவிட்டு வரலாம். புலி இருக்கிற காட்டில் இது முடிகிறது. மான் இருக்கிற காட்டில் முடியாதா?

மும்பையைப் பாருங்கள். நகரத்தின் இடுப்பிலேயே சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா, சுமார் 104 சதுர கிலோமீட்டர். உள்ளே விஹார், துளசி என்று நகரத்துக்குக் குடிநீர் தரும் இரண்டு ஏரிகள். ஏரிக்கரைகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. காட்டில் சிறுத்தைகளும் உண்டு, ஒன்றிரண்டு இல்லை, கணிசமாக. இருந்தும் தினமும் காலையில் மும்பைக்காரர்கள் பாஸ் வாங்கிக்கொண்டு அங்கே நடக்கப் போகிறார்கள். வழிகாட்டியோடு போக ஷிலோண்டா என்று ஒரு ஓடையோரப் பாதை இருக்கிறது. பிள்ளைகளோடு கன்ஹேரி குகைக்கு ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். கிண்டி ரொம்பச் சின்னது, அதைப்போல எல்லோரையும் விட முடியாது என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் முழுக் காட்டையும் திறக்கச் சொல்லவில்லை. ஓரமாக ஒன்றரை கிலோமீட்டர் போதும். ஒரு காலைக்கு நூறு பேர் போதும்.

சிங்கப்பூர் உதாரணம் சொன்னால் சிலருக்கு எரிச்சல் வரும். இருந்தாலும் சொல்கிறேன். அந்தத் தக்கனூண்டு தேசத்தில் நிலத்தின் விலை என்ன என்று எல்லோருக்கும் தெரியும். அங்கே நடு மையத்தில், மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தைச் சுற்றிக் காட்டை அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள். தண்ணீரை ஒட்டியே மண் பாதை. சேறு அதிகமான இடத்தில் மட்டும் மரப்பலகை. எங்கே திரும்பினால் எத்தனை கிலோமீட்டர் என்று போர்டு. 2004-ல் மர உச்சிகளுக்கு நடுவே 250 மீட்டர் நீளத்துக்கு ஒரு தொங்குபாலமும் கட்டினார்கள். காட்டுக்குள் கடை கிடையாது. குரங்குக்குத் தீனி போட்டால் அபராதம். நுழைவுக் கட்டணம் கிடையாது. லீவு நாளில் அங்கே போனால் தமிழ்க் குடும்பங்களையும் பார்க்கலாம். இங்கே கொடைக்கானலில் குப்பை போடும் அதே நம் ஜனம்தான் அங்கே தண்ணீர் பாட்டிலைப் பத்திரமாகப் பைக்குள் வைத்துக்கொள்கிறது.

வெளியூர் உதாரணம் வேண்டாம் என்றால் நம் வேடந்தாங்கலைப் பாருங்கள். வெள்ளைக்கார சிப்பாய்கள் பறவைகளைச் சுடுகிறார்கள் என்று ஊர்க்காரர்கள் முறையிட்டு, 1798-லேயே கலெக்டர் லயனல் பிளேஸிடம் பாதுகாப்பு உத்தரவு வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். பறவை பயப்படும் என்று பட்டாசு வெடிக்காத ஊர் அது. இன்றைக்கும் அங்கே நாம் நடப்பது ஏரிக்கரையில்தான். ஒரு பக்கம் தண்ணீருக்குள் நிற்கும் கடப்ப மரங்களில் கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும். இன்னொரு பக்கம் பச்சை வயல். பாதை நீளம் குறைவு. ஆனால் எந்தக் குழந்தையும் அங்கே 'போர் அடிக்குது' என்று சொல்லிக் கேட்டதில்லை. இருநூறு வருடத்துக்கு மேலாக அந்த ஏரியைக் காப்பாற்றியது பூட்டு இல்லை. தினமும் அதன் கரையில் நடந்த ஜனங்கள்.

இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்ல வருகிறேன். மனிதர்கள் நடந்து பழகிய ஏரியை அவ்வளவு சுலபமாக யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது. யாருமே நடக்காத ஏரி காணாமல் போனால் கேட்க நாதி இருக்காது.

சந்தேகமாக இருந்தால் சென்னையிலேயே சுற்றிப் பாருங்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது. லேக் எங்கே? நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு இருக்கிறது. ஏரிக்கரைச் சாலை என்று அர்த்தம். ஏரி எங்கே? மயிலாப்பூர், மாம்பலம், நுங்கம்பாக்கம் என்று நீண்டு கிடந்த அந்தப் பெரிய ஏரியை 1920-களில் தொடங்கித் தூர்த்துத்தான் தியாகராய நகரையே கட்டினார்கள். தினமும் பழவந்தாங்கல் ஸ்டேஷனில் இறங்குகிற ஆயிரக்கணக்கானவர்களில், தாங்கல் என்றால் சின்ன ஏரி என்று எத்தனை பேருக்குத் தெரியும்? 2015 டிசம்பரில் வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் வீட்டுக்குள் வந்த தண்ணீர் புதிதாக வழி கண்டுபிடித்து வரவில்லை. தன் பழைய விலாசத்தைத் தேடி வந்தது. அந்த விலாசம் நமக்குத்தான் மறந்துவிட்டது.

பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் ஒரு பக்கத்தில் பல வருடங்களாகக் குப்பையைக் கொட்டி மலையாகக் குவித்தபோது நகரம் ஏன் கொந்தளிக்கவில்லை? பெரும்பாலானவர்களுக்கு அது நாற்றமடிக்கும் காலி இடம். பறவை பார்க்கப் போன சிலரும் சுற்றுவட்டாரத்துக் குடியிருப்புவாசிகளும்தான் கத்திக்கொண்டிருந்தார்கள். 2022-ல் அது ராம்சர் தலமானது. ஓரமாக நடைபாதையோடு ஒரு சூழலியல் பூங்காவும் வந்திருக்கிறது. அங்கே நடந்து, பூநாரையை ஒரு தடவை கண்ணால் பார்த்த குழந்தையிடம், 'இந்த இடத்தை மூடி ஃபிளாட் கட்டலாமா?' என்று கேட்டுப் பாருங்கள். என்ன பதில் வரும் என்று உங்களுக்கே தெரியும்.

ஆகவே, நான் அரசாங்கத்திடம் கேட்பது இதுதான்.

ஒன்று: மாவட்டத்துக்கு ஒரு ஏரியோரக் காட்டைத் தேர்ந்தெடுத்து இரண்டு அல்லது மூன்று கிலோமீட்டர் பாதை குறியுங்கள். மண் பாதை. சேறான இடத்தில் மட்டும் பலகை. சிமென்ட் மூட்டை உள்ளே வரக் கூடாது.

இரண்டு: காலையில் நாலு மணி நேரம் திறந்தால் போதும். ஆட்களுக்கு வரம்பு வையுங்கள். பறவை கூடு கட்டும் இடம் என்றால் அந்தப் பக்கத்தை அந்த மாதங்களில் மூடுங்கள். மலைப்பகுதி என்றால் தீக்காலத்தில் முழுக்கவே மூடுங்கள். பூட்டுக்கும் ஒரு பருவம் இருக்கட்டும்.

மூன்று: வழிகாட்டிகள் அந்தந்த ஊர்க்காரர்களாக இருக்கட்டும். மாடு மேய்த்தவருக்கும் மீன் பிடித்தவருக்கும் தெரிந்த ஏரியைக் கல்லூரியில் படித்து வந்தவருக்குத் தெரியாது. டிக்கெட் காசு அவர்களுக்குப் போகட்டும். அந்த டிக்கெட்டும் ஆன்லைனில் மட்டும் என்று இல்லாமல் வாசலிலும் கிடைக்கட்டும்.

நாலு: வாசலில் சுத்தமான கழிப்பறையும் குடிதண்ணீரும் வையுங்கள். இது இரண்டும் இல்லாமல் குடும்பத்தோடு வா என்று சொல்வது மோசடி. பெண்களும் வயதானவர்களும் வராததற்குக் காரணம் ஆர்வக் குறைவு என்று எழுதிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஐந்து: நல்ல தமிழில் போர்டு வையுங்கள். எவ்வளவு தூரம், எங்கே ஏற்றம், எங்கே உட்கார நிழல் இருக்கிறது, சக்கர நாற்காலி எதுவரை போகும், இந்தப் பறவைக்கு என்ன பெயர் என்று சொன்னால் போதும். மந்திரி படம் வேண்டாம். நாரை படம் போதும்.

உங்களிடம் கேட்பது இன்னும் கொஞ்சம். கொண்டு போனதைத் திருப்பி எடுத்து வாருங்கள், எலுமிச்சை சாதம் கட்டிய இலை உட்பட. ஸ்பீக்கரை வீட்டிலேயே விடுங்கள். குரங்குக்குத் தீனி போடாதீர்கள். அடுத்தவர் போட்டால் சண்டை போடத் தயங்காதீர்கள். வழிகாட்டி 'இதுக்கு மேல போகக் கூடாது' என்றால் ஐம்பது ரூபாயை நீட்டாதீர்கள். முக்கியமாக, குழந்தை ஒரு பூச்சியைப் பார்த்துக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டால், 'சீக்கிரம் வா, இன்னும் ரெண்டு கிலோமீட்டர் இருக்கு' என்று இழுக்காதீர்கள். அது நடக்க வந்ததே அதற்காகத்தான்.

திட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். உங்கள் வீட்டிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டருக்குள் ஓர் ஏரி நிச்சயம் இருக்கும். அதன் பெயரைக் கண்டுபிடியுங்கள். பாதி வீடுகளில் இதற்கே விடை தெரியாது. இந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் அதன் கரையில் ஒரு சுற்று நடந்து பாருங்கள். மதகு எது, கலிங்கு எது, தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பிள்ளைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். மூன்று பறவையாவது பார்த்துவிட்டு வாருங்கள்.

கேட்டில் பூட்டுத் தொங்கினால் கோபப்பட்டுத் திரும்பாதீர்கள். எந்தத் துறையின் போர்டு மாட்டியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும், 'ஏரிக்கரையில் நடக்க எங்களை ஏன் விட மாட்டீர்கள்?' என்று அந்தத் துறைக்கு ஒரு போஸ்ட் கார்டு எழுதுங்கள். உங்கள் பத்து வயது வாண்டை விட்டே எழுதச் சொல்லுங்கள்.